சத்தம் சாகும் திசை

போன வாரம் எங்கள் வீட்டு ஹாலில் ஃபேன் ரெகுலேட்டர் பழுதாகிவிட்டது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் தம்பி பழையதைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தார். நான் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ள காயில், கம்பிச் சுருள், இருக்காப்பா?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ரெகுலேட்டர் வாங்குகிறவர்கள் வாரண்டி உண்டா என்று கேட்பார்கள், ஸ்விட்ச் போர்டு நிறத்துக்குப் பொருந்துமா என்று கேட்பார்கள். காயில் இருக்கிறதா என்று அவரிடம் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். "அதெல்லாம் ஃபேன் நல்லா ஓடும் சார்" என்று சமாதானம் சொன்னார். நன்றாக ஓடும் என்பது எனக்கும் தெரியும். காயில் இல்லாவிட்டாலும் ஓடும், அதுதான் பிரச்சினையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவருக்கு இன்னும் வேறு வீடுகள் போகவேண்டியிருந்தது, விட்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே.

அவர் போன பிறகு பழைய ரெகுலேட்டரைக் குப்பையில் போட மனம் வரவில்லை. பரண்மேல் கிடந்த சால்டரிங் அயர்னை எடுத்துத் துடைத்து, சூடாக்கி, உள்ளே விட்டுப்போயிருந்த ஒயர் ஒன்றைப் பற்றவைத்தேன். பேஸ்ட் உருகிப் புகை எழுந்தது. அந்தப் பிசின் வாசனை வந்தால் எனக்குக் கூடவே முள்ளங்கி சாம்பார் வாசனையும் வந்துவிடும். இது என்ன கூத்து என்று என் மனைவி கேட்பாள். கூத்து ஒன்றுமில்லை, ஒரு மொட்டை மாடியில் இரண்டையும் சேர்த்துத்தான் முகர்ந்தேன்.

ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒரகடம் பக்கம் அப்போதுதான் நிலங்களைச் சுற்றி வேலி ஏறிக்கொண்டிருந்தது. நான் சாத்தூரிலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்து, ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பகுதியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தேன். தங்கியது கஸ்தூரியம்மா வீட்டு மாடியில். கீழே முன்பகுதியில் அவர் மெஸ் நடத்தினார், பின்பகுதியில் குடியிருந்தார். மாடி அறைகளில் நாங்கள் தென்மாவட்டத்துப் பையன்கள். விடிவதற்குள் ஒரு கூட்டம் கம்பெனி பஸ் ஏறப் போகும், ராத்திரி ஷிப்ட் முடித்த இன்னொரு கூட்டம் அதே பாய்களில் வந்து விழும். பாய் ஆறிப் பார்த்ததே இல்லை. அதற்கும் மேலே, கஸ்தூரியம்மா வடாம் பிழிகிற நாட்களைத் தவிர யாரும் ஏறாத ஒரு பெரிய மொட்டை மாடி இருந்தது.

அந்த மாடிக்காகத்தான் கேசவன் எங்களைத் தேடி வந்தான். ஸ்ரீபெரும்புதூர்க்காரனேதான், என்னைவிட ஓரிரு வயது மூத்தவனாக இருந்தால் அதிகம். அப்பா பெருமாள் கோயில் மடப்பள்ளியில் இருந்தார். இவன் ஒரு கூட்டுறவு வங்கியில் கிளார்க். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருந்தான். அப்படியென்றால், அரசாங்கத்திடம் பரீட்சை எழுதித் தேறி, சொந்தமாக ஒரு ஒலிபரப்புக் கருவி வைத்துக்கொண்டு, எந்த ஊரிலோ இருக்கிற முகம் தெரியாத இன்னொருவரோடு பேசுவது. காசு வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, அரசியல் பேசக் கூடாது. "அப்பால இன்னாத்ததான் பேசுவீங்க?" என்று கஸ்தூரியம்மா கேட்டதற்கு, "நீங்க பேசறது நன்னா கேக்கறதுன்னு பேசிப்போம்" என்றான் கேசவன். அதைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில்தான் பாதி அனுமதி கிடைத்தது.

கேசவனின் வீடு தேர் போகிற தெருவில் இருந்தது. அங்கே குறுக்கே ஒரு கம்பி கட்டினால் தேர் வரும்போது அவிழ்க்க வேண்டும், வீடும் ஓட்டு வீடு. எனவே ஒப்பந்தம் ஒன்று செய்துகொண்டோம். எங்கள் மாடியில் அவன் ஆன்டெனா கட்டிக்கொள்வது, பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு வேலை பழக்கிப் பரீட்சைக்குத் தயார் செய்வது. கஸ்தூரியம்மா தன் பங்குக்கு நிபந்தனைகள் போட்டார். படிக்கட்டுக் கதவு திறந்தே இருக்க வேண்டும், வடாம் காயும்போது செருப்போடு நடக்கக் கூடாது, விளக்கு வைப்பதற்குள் பெண்பிள்ளை ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும்.

பெண்பிள்ளை என்றது பேச்சியம்மாளை. கோவில்பட்டிப் பக்கம். சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் கான்ட்ராக்ட் வேலை, பக்கத்துச் சந்தில் லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாடு எங்கள் மெஸ்ஸில். ஒருநாள் மெஸ் மேசையில் நானும் கேசவனும் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கை கழுவிவிட்டு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தினமும் நூற்றுக்கணக்கில் போர்டுகள் அவள் கைவழியாகப் போயின. அது எதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. எங்களைக் கேட்டாள், கேசவன் சொன்னான். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்துவிட்டாள்.

எனக்கும் கேசவனுக்கும் இது விளையாட்டு. அவளுக்கு அப்படி இல்லை. அவள் கான்ட்ராக்ட் அந்த வருஷத்தோடு முடிகிறது. லைனில் இருப்பவர்களைத் திருப்பி எடுப்பார்கள் என்பது நிச்சயமில்லை, டெஸ்டிங் பகுதியில் இருப்பவர்களைத்தான் வைத்துக்கொள்வார்கள். டெஸ்டிங்குக்கு மாற்றச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டபோது, டிப்ளமோ வேண்டும், அது இல்லாவிட்டால் இந்த வேலை தெரியும் என்பதற்கு அரசாங்கத் தேர்வு ஏதாவது தேறிக் காட்டு என்று சொல்லியிருந்தார். தட்டிக்கழிக்கச் சொன்னாரோ என்னவோ, இவள் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பித் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார வேண்டும். அம்மா அங்கேதான் இருந்தாள், அக்காவும் அங்கேதான் இருந்தாள். நல்ல இடந்தான், ஆனால் அது தனக்கு வேண்டாம் என்று பேச்சி தெளிவாகவே சொன்னாள்.

கேசவனுடைய வகுப்பில் புத்தகத்துக்கு வேலை கிடையாது. முதல் மாதம் முழுக்கப் பற்றவைப்பதுதான். ஈயம் பரவிப் பளபளவென்று உட்கார வேண்டும். என்னுடையவை கொழுக்கட்டை மாதிரி உருண்டு நின்றன. "பிள்ளையார் சதுர்த்திக்கு எடுத்து வை" என்பான். டிப்ளமோ வாங்கியவன் நான், லைன்காரி பக்கத்தில் உட்கார்ந்து என் கொழுக்கட்டைகளை மரியாதையோடு பார்க்காத மாதிரி இருப்பாள். தந்தி அடிக்கிற மோர்ஸ் பழக்கும்போது புள்ளியும் கோடும் காகிதத்தில் எழுதவே விடமாட்டான். அவன் சின்ன வயதில் பாசுரமெல்லாம் காதால் கேட்டே பாடம் பண்ணியவன். எழுத்துக்கு ஒரு ராகம், டி டா, டா டி டி டி, அந்த ராகத்தைக் கேட்டதும் எழுத்து தானாக வரவேண்டும், எண்ணக் கூடாது என்பான். பேச்சி கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிரே வருகிற லாரிகளின் நம்பர் பிளேட்டையெல்லாம் டி டா என்று முணுமுணுத்தபடி போவாள். பக்கத்து சீட்டுப் பெண் அவள் ஏதோ வேண்டுதல் ஜபிக்கிறாள் என்று நினைத்துத் தனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னாளாம்.

ஆன்டெனா கட்டிய கதையைச் சொல்ல மறந்துவிட்டேனே. தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொல்லைத் தென்னைமரம் வரை ஒரு செப்புக் கம்பி, இரண்டு நுனியிலும் முட்டை மாதிரி பீங்கான், நடுவில் மூங்கில். கட்டி முடித்து ஒரு நாள் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலையில் கேசவன் மீட்டரை வைத்துப் பார்க்கிறான், முள் தாறுமாறாக ஆடுகிறது. மாடிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் கம்பி முழுக்க ஈரச் சட்டைகள். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்த பையன்கள், யாரோ புண்ணியவான் நமக்காகக் கொடி கட்டியிருக்கிறான் என்று சந்தோஷமாகத் துவைத்துப் போட்டிருக்கிறார்கள். கேசவன் கோபப்படவில்லை. ஒவ்வொரு சட்டையாக எடுக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் முள் எவ்வளவு திரும்புகிறது என்று எங்களைப் பார்க்கச் சொன்னான். ஆன்டெனா பற்றி நான் கற்ற முதல் பாடம் யூனிபார்ம் சட்டையில்தான். அன்றைக்கே தாழ்வாக ஒரு நைலான் கயிறும் கட்டிவிட்டோம்.

மாடியைக் கொடுத்தவருக்கு நன்றியாக ஏதாவது செய்துதர வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. கஸ்தூரியம்மாவின் ஹாலில் ஃபேனுக்கு அந்தக் காலத்துப் பெரிய ரெகுலேட்டர் இருந்தது, தொட்டால் சுடும். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஒரு எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் செய்து கொடுப்பதென்று முடிவு செய்தோம். வகுப்புக்கும் அதுவே பயிற்சி. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் சாமான் வாங்கி வந்து, மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பற்றவைத்தோம். வரைபடத்தில் ஒரு ஓரத்தில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று போடச் சொல்லியிருந்தது. வாங்கிய கம்பியையெல்லாம் அந்த வாரம்தான் வேறொரு வேலைக்குச் சுற்றித் தீர்த்திருந்தோம். சுருள் இல்லாமல் போட்டுப் பார்த்தோம், ஃபேன் ஜம்மென்று ஓடியது. அதோடு மறந்துவிட்டோம். கஸ்தூரியம்மா சாப்பிட வருகிற ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, பசங்க செய்து கொடுத்தது என்று குமிழைத் திருகிக் காட்டினார். எங்கள் மூவருக்கும் அந்த வாரம் சாம்பாரில் முள்ளங்கி அதிகமாக விழுந்தது.

கம்பியைச் சுற்றித் தீர்த்த அந்த வேறு வேலையைச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் நரி வேட்டை. ஒரு சின்ன ஒலிபரப்பியை எங்காவது ஒளித்து வைத்துவிடுவார்கள், அதுதான் நரி. மற்றவர்கள் கையில் பிடிக்கிற ஆன்டெனாவோடு தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் ஆன்டெனா ஒரு சதுர மரச் சட்டம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பி, கீழே பேட்டரியில் ஓடும் சின்ன ரிசீவர். பழைய படத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்த சட்டம் அது. அதன் முகத்தை நரி இருக்கிற பக்கம் திருப்பினால் சத்தம் ஓங்காது, செத்துவிடும். எந்தத் திசையில் சத்தம் சாகிறதோ அங்கே நரி. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நரி முன்னால் இருந்தாலும் சத்தம் சாகும், நேர் பின்னால் இருந்தாலும் சாகும். எந்தப் பக்கம் என்று சட்டம் சொல்லாது. கொஞ்சம் தள்ளிப்போய் இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மண்ணூர் ஏரிக்கரையில் கேசவன் நரியை ஒளித்தான். சத்தம் செத்த திசையில் நான் வீராவேசமாக நடந்தேன். வேலிமுள்ளைத் தாண்டி, சேற்றைத் தாண்டி, சட்டத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போனவன் ஒரு எருமைக்கு எதிரே போய் நின்றேன். எருமை சட்டத்துக்குள் தெரிந்த என் முகத்தை நெடுநேரம் பார்த்தது. நரி எனக்கு நேர் பின்னால், நான் கிளம்பிய இடத்துக்கும் பின்னால், ஒரு பனைமரத்தில் கேசவனின் டிபன் பாக்ஸுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சி இரண்டாவது தடவை பிடித்துப் பார்த்துவிட்டு எப்போதோ அதை எடுத்து, உள்ளே கூடவே வைத்திருந்த புளியோதரையில் பாதியைத் தின்றிருந்தாள்.

பரீட்சை நெருங்கியது. மோர்ஸ் பழக்கத்துக்கு கேசவன் வாயால் சொல்வது போதாது, ஆகாயத்தில் நிஜமாக வருவதைக் கேட்டு எழுத வேண்டும், அதுவும் சாயங்காலம்தான் நன்றாக வரும் என்றான். முதல் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு பேச்சி வருவாள். ரிசீவரைப் போட்டால், ஊரூரிலிருந்து வருகிற அந்த மெல்லிய டி டாவின்மேல், யாரோ தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி ஒரு இரைச்சல். ஞாயிறு பகலில் சுத்தமாக இருக்கும், சாயங்காலமானால் ஆரம்பித்துவிடும். பேச்சி பென்சிலை வைத்துக்கொண்டு இரைச்சலுக்குள் காதை நுழைத்து நுழைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தைகூட முழுசாக எழுத முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு இரைச்சல் இல்லாவிட்டாலும் எழுத வராது என்பதால் நான் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

கஸ்தூரியம்மாவிடம் கேபிள் கிடையாது. மாடியில் பழைய டீவி ஆன்டெனா வைத்து, தூர்தர்ஷன் மட்டும் பார்ப்பார். அவருடைய டீவியிலும் அதே நேரத்தில் கோடுகோடாக ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தவர், ஒரு சாயங்காலம் படிக்கட்டில் ஏறி வந்து நின்றார்.

"நீங்க கம்பி கட்னதுலேர்ந்து பொழுது போனா டீவில மழ பெய்துப்பா. தேருக்கு எங்க அக்கா வூட்டு ஜனம்லாம் வருது. அதுக்குள்ள கம்பிய எறக்கிடுங்க."

நாங்கள் ஒன்றும் ஒலிபரப்பவே இல்லை என்று கேசவன் எடுத்துச் சொன்னான். அவன் பேசுவது ஞாயிறு காலையில் மட்டும், எங்களுக்கு இன்னும் உரிமமே இல்லை. அவர் கேட்டுக்கொண்டார், தலையையும் ஆட்டினார், ஆனால் கம்பி வருவதற்கு முன்னால் படம் நன்றாகத்தானே இருந்தது என்றார். தேர் அடுத்த வாரம். பரீட்சை அதற்கும் பிறகு. கம்பி இறங்கினால் கேட்டுப் பழக வேறு இடம் கிடையாது. பேச்சி பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தாள், சீவி முடித்த பிறகும் சீவினாள்.

எங்களுக்குச் சத்தம் கெடுகிறது, அவருக்குப் படம் கெடுகிறது, அப்படியானால் எங்கேயோ ஒரு நரி இருக்கிறது என்றான் கேசவன். மறுநாள் சாயங்காலம் மூன்று பேரும் சட்டத்தோடு இறங்கினோம். வாசல் கேட்டருகே நின்று, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி கேசவன் சட்டத்தை மெல்லத் திருப்பினான். தெருவுக்கு நேர் எதிராகத் திரும்பியபோது இரைச்சல் செத்தது. அந்தத் திசையில், காலி மனைகளுக்கு அப்பால், புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பெனி ஷெட்டில் வெல்டிங் வெளிச்சம் நீலமாகத் தெறித்துக்கொண்டிருந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும். வெல்டிங்தான், சாயங்கால ஷிப்டில் ஆரம்பிக்கிறார்கள், அதுதான் பகலில் இல்லை என்று நான் மெயின்டனன்ஸ் அனுபவத்தோடு விளக்கினேன். கேசவனும் ஒத்துக்கொண்டான். எல்லாம் பொருந்தி வந்தது.

நடந்தோம். தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கம் போனபோது இரைச்சல் ஒரு தடவை ஓங்கியது, பார்த்தாயா என்றேன். அதைத் தாண்டியதும் குறைந்தது. கட்டிடம் மறைக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னேன். காலி மனைகளில் இறங்கியபோது இன்னும் குறைந்தது. ஷெட்டின் வேலிக்கு வெளியே, டீக்கடை ஒன்றின் பின்னால் போய் நின்றோம். வெல்டிங் பொறியில் கண் கூசியது. ரிசீவரில் இரைச்சல் அறவே இல்லை. அதற்குப் பதிலாகத் தெளிவாக, நிதானமாக, யாரோ எங்கிருந்தோ மோர்ஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

நானும் கேசவனும் வெல்டிங்கையே முறைத்துக்கொண்டிருந்தோம். பேச்சியைப் பார்த்தால், அவள் இடது உள்ளங்கையில் வலது ஆள்காட்டி விரலால் எழுதிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் எழுதினாள். உதடு அசையவில்லை, எண்ணவில்லை. அவர் தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், அங்கே மழை பெய்கிறது என்றார். எல்லாம் அவள் உள்ளங்கையில் இருந்தது. அடித்தவர் விடைபெற்றுப் போன பிறகுதான் நிமிர்ந்தாள். தான் முழுசாக எழுதியது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது. பேச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அண்ணே, இங்கன இரைச்சலே இல்லையே. கிட்டப் போனா கூடத்தான செய்யணும்?"

கேசவன் சட்டத்தைப் பார்த்தான், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான், நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டு பக்கமும் காட்டும்னு நானே சொல்லிக் குடுத்துட்டு, நானே முன்னாடி பாத்து நடந்துண்டிருக்கேன் பாரு."

திரும்பி நடந்தோம். ஒவ்வொரு அடிக்கும் இரைச்சல் ஏறியது. எருமையைப் பற்றி இருவரும் பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கேட்டுக்கு வந்து, இந்தத் தடவை பக்கவாட்டில் தள்ளி நின்று பிடித்தோம். சத்தம் செத்த திசையில் கஸ்தூரியம்மாவின் ஹால் ஜன்னல் இருந்தது. உள்ளே போனோம். அவர் கோடுகளுக்கு நடுவே யார் பாடுகிறார்கள் என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்துவிட்டதால் ஃபேன் மெதுவாகச் சுற்றியது. சட்டத்தைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோனான் கேசவன். ஸ்விட்ச் போர்டருகே ரிசீவர் காதைக் கிழித்தது.

அவன் ரெகுலேட்டர் குமிழைப் பிடித்து ஃபுல்லில் திருப்பினான். ஃபேன் வேகமெடுத்தது, காலண்டர் படபடத்தது, டீவியில் கோடெல்லாம் மறைந்து பாடுகிறவரின் மூக்குத்தி வரை தெரிந்தது. திருப்பிக் குறைத்தான், கோடுகள் வந்தன. பகலில் வெயிலுக்கு ஃபுல்லாக ஓடும், சாயங்காலம் அவர் குறைப்பார். குறைத்தால்தான் அது கத்தும். கத்தாமல் தடுக்கத்தான் அந்தச் சுருள். அந்தச் சுருளுக்கான கம்பி கேசவனின் கையில், சட்டத்தில், அழகாக வரிவரியாகச் சுற்றியிருந்தது.

கஸ்தூரியம்மா ஃபேனைப் பார்த்தார், டீவியைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார்.

"இது நீங்க குடுத்ததுதானேப்பா?"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு எங்களாலும் அடக்க முடியவில்லை. பேச்சி சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே சட்டத்திலிருந்து கம்பியில் கொஞ்சம் பிரித்து, உடைந்த ரேடியோவிலிருந்து எடுத்த கறுப்பு ஃபெரைட் குச்சி ஒன்றின்மேல் சுற்றி ரெகுலேட்டருக்குள் வைத்தோம். மிச்சக் கம்பியை இறுக்கிச் சுற்றியதில் சட்டமும் பிழைத்துக்கொண்டது. இந்தத் தடவை நான் பற்றவைத்த இடமும் பளபளவென்று உட்கார்ந்தது, நம்புங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்ற, படம் தெளிவாக இருக்க, கஸ்தூரியம்மா தீர்ப்புச் சொன்னார்.

"கம்பி இருந்துட்டுப் போட்டும். ஆனா இன்னொரு தபா எனக்கு எதுனா செஞ்சி குடுக்கறேன்னு வந்துராதீங்க."

தேர் வந்தது, அக்கா வீட்டு ஜனம் வந்தது, ஃபேன் கதையைக் கேட்டு அவர்களும் சிரித்தார்கள். பேச்சி ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டு எழுதினாள். சென்னையில் பரீட்சை. நான் மோர்ஸில் போய்விட்டேன், அடுத்த தடவைதான் தேறினேன். அவள் முதல் தடவையே தேறினாள். எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "காது தன்னால எழுதிருச்சுண்ணே" என்றாள். சூப்பர்வைசர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கான்ட்ராக்ட் முடிவதற்குள் அவளை டெஸ்டிங்குக்கு மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன்னால், ஒரு போர்டில் இரைச்சல் வந்தால் எங்கே தேடுவாய் என்று அங்கிருந்த இன்ஜினியர் கேட்டாராம். கடைசியாக நாமளே என்னத்தை மாட்டினோமோ அதுல மொதல்ல பார்ப்பேன் என்று சொன்னதாகச் சொன்னாள்.

கேசவன் வேறு வங்கிக்கு மாறி ஊர் ஊராகப் போனான். பேச்சி பல வருஷம் டெஸ்டிங்கில் இருந்துவிட்டு, கல்யாணமான பிறகு கோவில்பட்டியில் சொந்தமாக ஒரு சர்வீஸ் சென்டர் வைத்தாள். வீட்டுக்குப் பின்னால் கரிசல் காட்டில் அவளுக்கென்று ஒரு ஆன்டெனா நிற்கிறது. கஸ்தூரியம்மா மகனோடு போய்விட்டார். மெஸ் இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ், தென்னை மரமும் இல்லை. நான் மட்டும் இதே ஊரில் ஒரு ஃபிளாட்டில் தங்கிவிட்டேன்.

இவையெல்லாம் போகக்கூடியவைதான், போய்விட்டன. நான் எதிர்பார்க்காமல் போனது வேறொன்று, அந்தச் சுத்தமான ஆகாயம். ஃபிளாட்டில் ரிசீவரைப் போட்டால் இரைச்சல், எந்த நேரத்திலும் இரைச்சல். எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட், அடுத்த வீட்டு டீவிப் பெட்டி, ஒவ்வொன்றும் எங்கள் ரெகுலேட்டரைப் போலக் கத்துகிறது. கேசவனின் சட்டம் என்னிடம்தான் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு பால்கனியில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எந்தத் திசையிலும் சத்தம் சாகவில்லை. அன்றைக்கு அந்தத் தெருவில் இரைச்சல் போட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான், அதையும் நாங்களே செய்து கொடுத்திருந்தோம்.

ஞாயிறு காலையில் பேச்சி மோர்ஸ் அடிப்பாள். கேசவனும் எந்த ஊரிலிருந்தாலும் வந்துவிடுவான். போன் பண்ணினால் ஆகாதா என்று என் மகள் கேட்கிறாள். போனிலும் பேசுகிறோம், அது வேறு. இரைச்சல் இல்லாத இடம் தேடிச் சில வருஷம் மண்ணூர் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கேயும் விளக்குகள் வந்தன. இப்போது வல்லக்கோட்டை தாண்டி ஒரு வயலோரத்துக்குப் போகிறேன். பதில் அடிக்க மரத்தில் கம்பியை வீசிக் கட்டி, சட்டத்தின் முகத்தைக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் திருப்பினால் இரைச்சல் மெல்ல அடங்குகிறது. கோவில்பட்டி முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, பக்கவாட்டில், அதனால் அவள் அடங்குவதில்லை. எங்கள் ஆட்கள் எல்லா வார்த்தையையும் சுருக்கித்தான் அடிப்பார்கள். அவள் மட்டும், இருக்கீங்களாண்ணே என்பதை ஓரெழுத்துகூடக் குறைக்காமல் அடிக்கிறாள். அந்த மாடியில் இதெல்லாம் பாயில் உட்கார்ந்தபடியே கேட்டது. இப்போது இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, அடுத்த வருஷம் இன்னும் தள்ளிப் போக வேண்டியிருக்கலாம். போகிறேன்.